சுவருக்கு மண் அணைத்து வீடு கட்டுவது

சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். அப்போதும் நிழலும் புல்லும் உள்ள இடத்தில், ஆறேழு அடி ஆழத்து மண் ஆண்டின் சராசரி வெப்பத்தை ஒட்டி 27, 28 டிகிரியிலேயே நிற்கும். மண் வெப்பத்தை அவ்வளவு மெதுவாகக் கடத்துகிறது. ஓரடி மண்ணைத் தாண்டுவதற்குள் பகல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அடங்கிவிடும். மதிய உச்சம் உட்பக்கம் எட்டச் சுமார் பத்து மணி நேரம் ஆகும். அதற்குள் இருட்டிக் காற்றும் குளிர்ந்திருக்கும், சன்னலைத் திறந்தால் சூடு வெளியேறிவிடும்.

குளிர் நாடுகளில் கூரை மேலும் மண் போடுகிறார்கள். கொங்குப் பகுதிக்கு அது வேண்டாம். நனைந்த மண் கன மீட்டருக்கு 2 டன் வரை கனக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் மேல் ஓரடி மண் என்றால் கிட்டத்தட்ட 6.8 டன். அதைத் தாங்கக் கம்பியும் கான்கிரீட்டும் கொட்டினால், இயற்கைப் பொருளில் கட்டும் நோக்கமே போய்விடும். மேற்கு, தெற்கு, வடக்குச் சுவர்களுக்கு மட்டும், மஞ்சளுக்கு அணைப்பதுபோல, நாலடி உயரம் மண் அணைத்து மேலே ஓடு வேய்ந்தால் போதும். பள்ளமும் தோண்ட வேண்டியதில்லை. காங்கேயம் பக்கம் பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். பண்ணைக்குட்டை வெட்டிய மண்ணே இதற்கு ஆகும். ஆனால் செம்மண்ணோ சரளையோதான் வேண்டும். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மண்ணைத் தொடும் சுவர் கருங்கல்லில், அடியில் இரண்டடி, மேலே ஒன்றரையடி அகலம் இருக்கட்டும். சிமென்ட் சேர்க்காத பச்சை மண்கல்லை இங்கே வைக்கவே கூடாது, ஈரம் பட்டால் வலு போய்விடும். 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து அழுத்திய மண்கல்லை, நாலு வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்தி, உள்சுவருக்கு வைக்கலாம். சாந்துக்குச் சுக்கான்கல் (மண்ணில் கிடைக்கும் சுண்ணாம்புக் கட்டி) சுட்ட சுண்ணாம்பு நல்லது. அதில் களிமண் கலந்திருப்பதால் ஈரத்திலும் இறுகும். சுத்தச் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும், மண்ணுக்குப் பின்னால் அதற்குக் காற்று கிடைக்காது. கூரை ஏறிச் சாந்து இறுகிய பிறகே மண் அணைக்கலாம், அதுவும் அரையடி அரையடியாகத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி. பொக்லைன் வைத்து ஒரே நாளில் தள்ளினால் சுவர் உள்ளே சாயும். நாலடி உயரத்துக்கு எட்டடி அகலச் சரிவு விட்டால் மண் நிற்கும்.

இந்த வீடுகள் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவருக்குப் பின்னே தண்ணீர் தேங்கினால், சுவர்மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டும். அதனால் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி, அடியில் தரைமட்டத்துக்குக் கீழே துளையிட்ட நாலு அங்குலக் குழாய், நூறடிக்கு ஓரடி வாட்டம் வேண்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி விரிக்காவிட்டால் வண்டல் இறங்கி இரண்டே மழையில் அடைத்துக்கொள்ளும். அணைத்த மண்கரையின் மேல்பரப்பில் அரையடிக்குக் கீழே, சுவரிலிருந்து ஆறடி வரை, 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். இயற்கைப் பொருள்தான் என்று பிடிவாதம் பிடிக்கும் இடம் இதுவல்ல. ஓட்டுத் தண்ணீர் கரையில் கொட்டாதபடி விளிம்பில் தகர வாய்க்கால் கட்டிக் குட்டைக்கு விடுங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை விட்டுவிடக் கூடாது. மேற்கே கரைக்கு மேலே சிறு சன்னல்களும் கிழக்கே பெரிய திறப்பும் வைத்தால் அறை பூசணம் பிடிக்காது. கரைக்கும் சன்னல் கட்டைக்கும் நடுவே ஓரடி கல் வெளியே தெரியட்டும், கரையான் புற்று ஏறினால் கண்ணில் படும்.

வெறும் மண்கரை வெயிலில் கொதிக்கும், மழையில் அரிக்கும். நம் மேய்ச்சல் காடுகளின் கொழுக்கட்டைப் புல் வறட்சி தாங்கி மண்ணைப் பிடிக்கும். வேம்பு, அரசு முளைத்தால் உடனே பிடுங்குங்கள், வேர் கல் இடுக்கில் நுழைந்துவிடும். குழாயின் மேல்முனையை மூடி போட்டுக் கரைக்கு வெளியே விட்டுவையுங்கள். நல்ல மழைக்குப் பிறகும் கீழ்முனையில் சொட்டுத் தண்ணீர் வராமல் சுவர் ஈரம் கசிந்தால் குழாய் அடைத்திருக்கிறது, மேல்முனையில் ஓஸ் செருகி அடித்துக் கழுவ வேண்டும்.