அயனிச் சேர்மம், சகப்பிணைப்புச் சேர்மம்: சொல்லும் பெயரிடும் முறையும்

'அயான்' என்பதற்குக் கிரேக்கத்தில் 'போவது' என்று பொருள். கரைசலில் மின்சாரம் பாயும்போது மின்முனையை நோக்கி ஏதோ போகிறதே, அதை என்னவென்று அழைப்பது என மைக்கேல் ஃபாரடே கேட்க, கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் எடுத்துக்கொடுத்த சொல் அது, 1834இல் புழக்கத்துக்கு வந்தது. மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டம்தான் அது, நாம் அதை 'அயனி' ஆக்கிக்கொண்டோம். உத்தராயணத்தில் இருக்கும் 'அயனம்' என்ற வடசொல்லுக்கும் போதல் என்றுதான் பொருள், இரண்டுக்கும் வேர் ஒன்றே.

'கோவேலன்ட்' கொஞ்சம் புதுசு. இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று கில்பர்ட் லூயிஸ் 1916இல் சொன்னார், 1919இல் இர்விங் லாங்மியூர் அதற்குப் பெயர் வைத்தார். 'கோ' என்றால் கூட, 'வேலன்ஸ்' லத்தீனில் வலிமை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது சகப்பிணைப்பு, இலங்கையில் பங்கீட்டு வலுப்பிணைப்பு. என் ஓட்டு இலங்கைக்குத்தான். வாயில் நுழையக் கொஞ்சம் நீளம், ஆனால் பங்கீடும் இருக்கிறது, லத்தீன் வலுவும் இருக்கிறது.

சரி, பெயரிடுவது எப்படி? உலோகமும் அலோகமும் சேர்ந்தால் பொதுவாக அயனிச் சேர்மம். உலோகத்தின் பெயர் முதலில், அலோகத்தின் வாலில் '-ஐடு'. கால்சியத்துக்கு மின்சுமை இரண்டு, குளோரைடுக்கு ஒன்று, ஆகவே ஒன்றுக்கு இரண்டு என்று தானே அமைந்துவிடும், 'டைகுளோரைடு' என்று எண்ண வேண்டியதில்லை, கால்சியம் குளோரைடு என்றாலே போதும். இரும்பு மாதிரி இரண்டு விதமாக நடந்துகொள்ளும் உலோகத்துக்கு மட்டும் மின்சுமையை ரோமன் எண்ணில் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். சர்க்யூட் போர்டு அரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கும் பெர்ரிக் குளோரைடில் அந்த எண் மூன்று, 'பெர்ரிக்' அதன் பழைய பெயர்.

இரண்டுமே அலோகம் என்றால் பொதுவாகச் சகப்பிணைப்புச் சேர்மம், அங்கே எண்ணித்தான் ஆக வேண்டும். கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்றாகவும் சேரும், ஒன்றுக்கு இரண்டாகவும் சேரும். முதலாவது மோனாக்சைடு, மூடிய அறையில் கரியடுப்பு எரிந்தால் ஆளையே கொல்வது. இரண்டாவது டை ஆக்சைடு, சோடாவில் பொங்குவது.

அப்புறம் ஒரு வம்பு. அலுமினியம் குளோரைடு பெயரளவில் அயனிச் சேர்மம் மாதிரிதான் இருக்கும். ஆனால் சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், நீரற்ற அலுமினியம் குளோரைடோ 180 டிகிரி வாக்கிலேயே உருகாமல் நேராக ஆவியாகிவிடும், ஆவியில் இருப்பது இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் சகப்பிணைப்பில் சேர்ந்த மூலக்கூறு.