'கவர் சாங்' என்றால் மறுபாடல்

'ரோலிங் ஸ்டோன்ஸ் ஆரம்பத்தில் நகல் பாடல்களைப் பாடிவந்த குழு.' பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றிய இந்த வரியைப் போன வாரம் ஒரு தமிழ்க் கட்டுரையில் மீண்டும் படித்தேன். ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் குரலில் பாடிப் பதிந்தால் ஆங்கிலத்தில் அது 'கவர் சாங்'; அதைத்தான் 'நகல் பாடல்' ஆக்கியிருக்கிறார்கள். எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

'கவர்' அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் பிறந்த வழக்கு. ஒரு நிறுவனத்தின் பாட்டு விற்றால், போட்டி நிறுவனம் அதையே தன் பாடகரைக் கொண்டு பதிந்து கடைக்கு அனுப்பும். அதற்கு வைத்த பெயர் பிறகு பொதுப்பெயராகிவிட்டது. 'உறைப் பாடல்' என்று எழுதுகிறவர்கள் அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிட்டவர்கள்.

'நகல்' அதைவிடக் கெடுதல், ஏனென்றால் அது புரிந்ததுபோல் இருக்கிறது. பத்திர நகலில் ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது; அதுதான் நகல். இப்போது 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டைக் கேளுங்கள். எழுதியவர் வில்லி டிக்சன். 1961இல் ஹவ்லின் உல்ஃப் என்ற ப்ளூஸ் பாடகர் (ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) அதை அடித்தொண்டையிலிருந்து உறுமினார். 1963இல் சாம் குக் இழைத்துப் பாடினார். நாய்கள் குரைக்கும் வரி வந்ததும் பில்லி பிரஸ்டனின் ஆர்கன் குரைத்துக் காட்டுகிறது. 1964இல் ஸ்டோன்ஸ் எடுத்தபோது குழுவின் பாடகர் மிக் ஜாகர் உல்ஃபின் உறுமலைத் தொடவே இல்லை. பிரையன் ஜோன்ஸின் ஸ்லைடு கிட்டார் கம்பியில் வழுக்கி வழுக்கிப் புலம்புகிறது. அந்த டிசம்பரில் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மூன்றில் எது நகல்?

நகல் என்றதும் திருட்டு வாடையும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் ஸ்டோன்ஸ் குழுவின் பெயரே ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து வந்தது. 1963இல் வந்த முதல் இசைத்தட்டு அமெரிக்கப் பாடகர் சக் பெர்ரியின் பாட்டு. முதல் ஆல்பத்தின் 12 பாடல்களில் 9 பிறருடையவை. 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஹவ்லின் உல்ஃபைப் பாடவைத்து, அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். நகலெடுக்கிறவன் அசலை மேடையேற்றுவானா?

'தழுவல்' என்பாரும் உண்டு. கதையைத் தழுவலாம், ஊரையும் பெயரையும் மாற்றலாம். இங்கே சொல்லும் மெட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன, பாடுகிற உயிர்தான் வேறு. ஆகவே என் சொல் மறுபாடல். 'மறுபடி' என்பதில் மறு என்றால் திரும்ப. 'மறுகரை' என்பதில் வேறொன்று. இந்த இசைக்கு இரண்டு பொருளும் வேண்டும். 'மறுமொழி போல இதுவும் பதில் பாட்டு என்று ஆகிவிடாதா' என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் பாட்டுக்கு நம் கிராமத்தில் எசப்பாட்டு என்ற அழகான சொல் எப்போதோ இருக்கிறது, குழப்பம் வராது.

மொழிபெயர்க்க வேண்டியதில் சோம்பல் காட்டுகிறவர்கள், வேண்டாத இடத்தில் கை வைக்கிறார்கள். அதே கட்டுரையில் ப்ளூஸ் 'நீல இசை' ஆகியிருந்தது. கஜலையும் கவாலியையும் அப்படியே எழுதுகிற கைக்கு, ப்ளூஸை மட்டும் ஏன் விட மனம் வரவில்லை?