ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீராகும் மூச்சு

வடசென்னையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டித் திரும்புகிற ஒரு சிக்னல். அதன் முனையில் பதினைந்து வருடங்களாகத் தள்ளுவண்டியில் டீக்கடை நடத்துபவர் ஒரு நாள் என்னிடம் வந்தார். வயது 46. பீடி, சிகரெட் தொட்டதில்லை. இரண்டு வருடமாக இருமல். நடுஇரவில் இளைப்பு வந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இருமல் சிரப், அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை எல்லாம் தின்று தீர்த்தாகிவிட்டது. "எனக்குத் தூசி சேராது டாக்டர், வேறொன்றுமில்லை" என்று நோயின் பெயரையும் அவரே சொல்லிவிட்டார். நெஞ்சக நோய் மருத்துவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள்.

அவருக்கு ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் கொடுத்தேன். அந்தக் கருவி பெரிய விஷயமில்லை, ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். மூச்சை நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் ஊதினால், காற்று வெளியேறிய உச்ச வேகத்தை ஒரு முள் காட்டும். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு வேளை ஊதி எழுதி வரச் சொன்னேன். கூடவே அன்று கடை திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதையும்.

இரண்டு வாரம் கழித்து நோட்டு வந்தது. அட்டையில் டீ டம்ளரின் அடித்தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. உள்ளே, நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில்: ஞாயிறு மாலை 390. திங்கள் காலை 380, மாலை 330. புதன் மாலை 310. சனி இரவு 290. மறுபடி ஞாயிறு 385. கடை மூடியிருந்த நாள்களில் மூச்சுக்குழாய் விரிகிறது. திறந்த நாள்களில் படிப்படியாகச் சுருங்குகிறது. பஞ்சாலைத் தொழிலாளிக்கும் மாவுமில்லில் நிற்பவருக்கும் வேலையால் இளைப்பு வருகிறதா என்று கண்டுபிடிக்க நாங்கள் பயன்படுத்தும் பழைய முறைதான் இது. சாலையோரத்தில் நிற்பதையும் ஒரு தொழிற்சாலை வேலையாக எடுத்துக்கொண்டு பார்த்தேன், அவ்வளவுதான்.

எங்கள் கேஸ் ஷீட்டில் புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, இல்லையா என்று ஒரு கட்டம் உண்டு. எந்தச் சாலையில், எத்தனை மணி நேரம், வாகனப் புகைக்கு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்கும் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததைப் பல வருடம் நானும் கேட்கவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

நகரத்தின் காற்றுத்தரக் குறியீடு இன்று இவ்வளவு என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு நிம்மதியாகவோ கவலையாகவோ இருக்கிறோம். அந்த எண் கண்காணிப்பு நிலையம் இருக்கும் இடத்தின் கணக்கு. சிக்னல் முனையின் கணக்கு வேறு. சும்மா நின்று உறுமும் என்ஜினும், பச்சை விழுந்ததும் பாரத்தோடு கிளம்பும் என்ஜினும்தான் கரியைக் கக்குகின்றன. சிக்னலில் நாள் முழுவதும் நடப்பது இவை இரண்டு மட்டுமே. புகைக்கரியும் மிக நுண்ணிய துகள்களும் சாலையிலிருந்து 150, 200 மீட்டர் தள்ளிப் போவதற்குள் மளமளவென்று குறைந்துவிடுகின்றன. ஆகவே நகரத்தின் மாசு என்று பொதுவாகப் பேசுவதைவிட, நீங்கள் நிற்கும் இடத்தின் மாசு என்று பேசுவதே என் நோயாளிக்கு உதவுகிறது. அளவுகோல்களிலும் குழப்பம் உண்டு. 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 5. இந்தியத் தரத்துக்குள் இருக்கிறது என்று ஒருவர் மார்தட்டும்போது இந்த இடைவெளியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய தூசியை மூக்குமுடியும் சளியும் பிடித்துக்கொள்ளும். டீசல் கரியின் துகள் அப்படிச் சிக்காது; காற்றுப்பைகள் வரை இறங்கும். அதோடு வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயின் உள்தோலை எரிச்சலூட்டி வீங்க வைக்கும். லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. ஆஸ்துமா உள்ள 60 பேரை ஒரு நாள் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில் இரண்டு மணி நேரமும், வேறொரு நாள் அருகிலுள்ள ஹைட் பூங்காவில் அதே இரண்டு மணி நேரமும் நடக்க விட்டார்கள். அந்த வீதியில் அப்போது ஓடியவை பெரும்பாலும் டீசல் பஸ்களும் டாக்சிகளும். ஆள் அதே ஆள், நடை அதே நடை. வீதியில் நடந்த நாளில் நுரையீரலின் திறன் கூடுதலாகக் குறைந்தது. என் டீக்கடைக்காரரின் ஞாயிறும் சனியும் சொன்ன கதையே இது.

நுரையீரலோடு இது நிற்பதுமில்லை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பகுதியில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம், அதற்கு முந்தைய நாள்களில் எங்கெங்கே இருந்தார்கள் என்று விசாரித்தபோது, போக்குவரத்தில் இருந்ததை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது 2004இல் தெரியவந்தது. காரில் போனவர், பஸ்ஸில் போனவர், சைக்கிளில் போனவர் எல்லாருக்கும் இது பொருந்தியது. மன அழுத்தமும் இதில் கலந்திருக்கலாம். புகையின் பங்கையும் ஒதுக்க முடியாது. பெல்ஜியத்தில் 2019இல் நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்திலேயே கரித்துகளைக் கண்டார்கள். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில், அதாவது புகையிலை இருக்கும் அதே வரிசையில், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே வைத்துவிட்டது.

எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமியின் வழக்கை என்னிடம் பயிலும் இளம் மருத்துவர்களுக்குத் தவறாமல் சொல்கிறேன். தென்கிழக்கு லண்டனில், நெரிசல் மிகுந்த சவுத் சர்க்குலர் சாலைக்கு 25 மீட்டர் தூரத்தில் வீடு. கடுமையான ஆஸ்துமாவால் மூன்று வருடத்துக்குள் முப்பது தடவைக்குக் கிட்டத்தட்ட மருத்துவமனையில் சேர்ந்தாள். 2013 பிப்ரவரியில் இறந்தாள். முதல் விசாரணை மூச்சுச் செயலிழப்பு என்று முடித்துவிட்டது. தாய் விடவில்லை. 2020 டிசம்பரில் நடந்த மறுவிசாரணை, காற்று மாசையும் மரணக் காரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. பிரிட்டனில் அதுவே முதல் முறை. அந்தத் தீர்ப்பில் என்னைக் குத்தும் இடம் வேறு: மாசுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பைத் தாய்க்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார் என்று விசாரணை அதிகாரி குறிப்பிட்டிருந்தார். யாரும் என்றால் நாங்கள்தான்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. காலையில் ஸ்கூட்டரின் முன்பக்கம், கைப்பிடிக்கு நடுவே, சீருடையோடு நின்று வரும் பிள்ளையைப் பாருங்கள். அதன் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ, முன்னால் நிற்கும் வேனின் புகைக்குழாயும் ஏறக்குறைய அங்கேதான் ஊதுகிறது. நுரையீரல் ஏறக்குறைய இருபது வயதுவரை வளர்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் பிள்ளைகளை எட்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரிய நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வசித்தவர்களின் நுரையீரல், ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் வசித்தவர்களைவிடக் குறைவாகவே வளர்ந்திருந்தது. பள்ளி வாசலில் ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டுப் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெற்றோருக்கு அங்கே நின்று இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முறைத்தார்கள். ஒருவர் அணைத்தார்.

எங்கள் வேலையில் பாதி, நம்பிக்கைகளோடு மல்லுக்கட்டுவது. கைக்குட்டை கட்டினால் போதும் என்பார்கள். மாலையில் அது கறுத்திருப்பதையும் சாட்சியாகக் காட்டுவார்கள். துணியில் ஒட்டியது பருத்த தூசி. நுண்துகள் அதன் இழைகளுக்கிடையே சாவகாசமாகப் போய்விட்டது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 கவசம் உதவும். ஆனால் சென்னை வெயிலில், வியர்வையில், அடுப்பின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் அதை அணியச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வெல்லமோ வாழைப்பழமோ தின்றால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். பழம் இறங்கும் குழாய் வேறு, மூச்சு இறங்கும் குழாய் வேறு.

மார்கழி அதிகாலையில் ஓசோன் அதிகம், கோலம் போடவும் நடக்கவும் உடம்புக்கு அதுவே நல்லது என்பது இன்னொன்று. ஆண்டுதோறும் வாட்ஸ்ஆப்பில் வரும். தரைமட்ட ஓசோன் வாகனப் புகையின் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது. அது பிற்பகலில்தான் ஏறும், விடியலில் குறைவு. ஏறினாலும் நன்மையில்லை, நுரையீரலைப் புண்ணாக்கும். மார்கழிக் கோலம் அழகு. அதற்கு ஓசோன் சான்றிதழ் தேவையில்லை. உண்மையில் குளிர்கால விடியலில் காற்று அசையாமல் தரையோடு படுத்துக்கிடக்கும். இரவில் ஓடிய கனரக வாகனங்களின் புகை கலையாமல் நிற்கும். இளைப்பு உள்ளவர்கள் அந்த மாதங்களில் நெடுஞ்சாலையோரம் ஐந்து மணிக்கு நடப்பதைவிட, வெயில் சற்று ஏறியதும் உள்தெருவிலோ பூங்காவிலோ நடக்கலாம்.

சான்றிதழ் என்றதும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது. பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியும்தான் அதில் அளக்கப்படுகின்றன. என் நோயாளியின் மூச்சுக்குழாயை வீங்க வைக்கும் நைட்ரஜன் ஆக்சைடு அந்தத் தாளில் இல்லை. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 என்னும் கடுமையான வாகனப் புகை விதி வந்ததும், எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்ததும் நல்ல மாற்றங்கள். ஆனால் பழைய லாரி நாளைக்கே சாலையைவிட்டு இறங்கிவிடாது.

அதுவரை என்ன செய்வது? நான் தூரத்தையும் நேரத்தையும் மருந்தையும் பற்றித்தான் பேசுகிறேன். நடையோ சைக்கிளோ, முதன்மைச் சாலைக்கு ஒரு தெரு உள்ளே போங்கள். ஐந்து நிமிடம் கூடும், புகை வெகுவாகக் குறையும். சிக்னலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் ஒட்டி நிற்காதீர்கள். காரில் இருந்தால் நெரிசலில் மட்டும் உள்காற்றே சுழலும்படி வையுங்கள். நீண்ட பயணத்தில் இடையிடையே திறந்துவிடுங்கள். சாலையைப் பார்த்த ஜன்னலை நெரிசல் நேரத்தில் சாத்திவைத்து, பின்பக்க ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை, மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் விடாதீர்கள். அது பழக்கமாகிவிடும் என்ற பயத்தால் நிறுத்தியவர்களைத்தான் அவசரப் பிரிவில் அதிகம் பார்க்கிறேன். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது.

டீக்கடைக்காரரின் நோட்டைப் பார்த்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது சிக்னலை அல்ல, அவருடைய கேஸ் அடுப்பையும் எண்ணெய்ச் சட்டியையும். அவையும் மூச்சுக்குழாய்க்கு ஆகாதவை. ஞாயிறன்று அவையும் ஓய்வில் இருந்தன. சந்தேகத்தைத் தீர்த்தது மழைநீர் வடிகாலுக்காக முனையைத் தோண்டியதுதான். மூன்று வாரம் வண்டியை எண்பது அடி உள்ளே, பக்கத்துத் தெருவில் நிறுத்திக்கொண்டார். அதே அடுப்பு, அதே வடைச் சட்டி, அதே நேரம். மருந்தையும் நான் மாற்றவில்லை. மாலை அளவு 370க்குக் கீழே இறங்கவே இல்லை.

பள்ளத்தை மூடியதும் மறுபடி முனைக்கு வந்துவிட்டார். திட்டினேன். "குடிக்கிறவர்கள் சிக்னலில்தானே டாக்டர் நிற்கிறார்கள்" என்றார். வியாபாரம் அந்த மூன்று வாரத்தில் பாதியாகிவிட்டதாம். பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: இன்ஹேலர் தவறாமல் இரண்டு வேளை, லாரிகள் அதிகம் திரும்பும் மாலை ஐந்து முதல் எட்டு வரை மட்டும் அவருடைய மைத்துனர் கடையைப் பார்த்துக்கொள்வது. இப்போது இரவில் தூங்குகிறார்; மாலை அளவு 350ஐ ஒட்டி நிற்கிறது.

போன வாரம் மைத்துனரையும் அழைத்து வந்திருந்தார். ஒரு மாதமாக இருமலாம். தூசி சேரவில்லை போலிருக்கிறது என்றார் அவர். அவருக்கும் ஒரு நோட்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.