தலையைத் தூக்கினால் கால் தாழும்

நான் யாழ்ப்பாணத்தில் நீச்சல் பழக்குபவன். கொஞ்சக் காலமாக என்னிடம் புது வகையான ஆட்கள் வருகிறார்கள். முப்பது, நாற்பது வயது. விடியப்புறம் பலாலி வீதியில் சைக்கிள் ஓடுகிறார்கள், பின்னேரம் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லன் போட்டிக்குப் பேர் குடுத்தாச்சு, இனி நீச்சல்தான் பாக்கி என்கிறார்கள். அந்தப் 'பாக்கி'யில்தான் ஆட்டம் கண்டுவிடுகிறது.

தூரத்தைப் பார்த்தால் நீச்சல் சின்னப் பங்குதான். ஒலிம்பிக் தூரப் போட்டியில் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். மொத்தத் தூரத்தில் நூற்றுக்கு மூன்று கூட இல்லை. ஆனால் அது முதலில் வருகிறது. அதிலேயே மூச்சிரைத்துக் கரையேறுபவருக்குச் சைக்கிளில் ஏறும்போதே கால் கனக்கும்.

போன வருடம் ஒரு வங்கி உத்தியோகத்தர் வந்தார். மாரத்தன் ஓடியவர், உடம்பில் ஒரு துண்டுக் கொழுப்பு இல்லை. 25 மீற்றர் தடாகத்தில் ஒருக்காப் போய் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, "சேர், பத்துக் கிலோமீற்றர் ஓடுறன், ஐம்பது மீற்றர் நீந்த ஏலாமக் கிடக்கு. மூச்சுக் காணேல்லை" என்றார்.

"எங்க நீந்தப் பழகினனீங்கள்?"

"வீட்டுக் கிணத்தில, சேர். வாழைக்குற்றி கட்டி."

அதைக் கேட்டதும் மிச்சம் விளங்கிவிட்டது. எங்களில் கனபேர் கிணற்றிலும் கேணியிலும் நீந்தப் பழகியவர்கள். அங்கே தூரம் போக வேண்டியதில்லை. மேலே நின்று குதிக்கப் போகிறவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேதான். தாழாமல் இருக்க அது அருமையான பழக்கம். தூரம் நீந்துவதற்கோ அதுதான் முதல் எதிரி. தண்ணீரில் உடம்பு தராசுக் கோல் மாதிரி. தலை எழும்பினால் இடுப்பும் காலும் இறங்கும். பிறகு நீங்கள் நீந்தவில்லை, உங்கள் காலை இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

தண்ணீர் காற்றை விட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் தடை நான்கு மடங்காகும், அதற்குச் செலவாகும் வலு எட்டு மடங்காகும். சைக்கிளில் இன்னும் கொஞ்சம் மிதித்தால் வேகம் வரும். தண்ணீரில் அந்தக் கணக்குச் சரிவராது. பலத்தைக் கூட்டுவதை விடத் தடையைக் குறைப்பதுதான் மலிவு.

அவருக்கு முதல் இரண்டு கிழமையும் நான் தூரமே கொடுக்கவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்று முகத்தை அமிழ்த்தி, மூக்காலும் வாயாலும் குமிழி விடுவது, பிறகு பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி மூச்செடுப்பது. அவ்வளவுதான். சின்னப்பிள்ளை வேலை என்று அவருக்கு உள்ளுக்குள் கடுப்பு. ஆனால் 'மூச்சுக் காணேல்லை' என்று அவர் சொன்னது உண்மையில் மூச்சு வெளியே போகவில்லை என்பதுதான். தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்திருந்தால் உடம்பில் கரியமில வாயு சேரும். அந்தத் தவிப்புக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க ஊதிக்கொண்டிருந்தால், திரும்பும்போது இழுக்க மட்டும்தான் வேலை.

அப்புறம் காலுக்கு வந்தோம். ஓட்டக்காரரின் கணுக்கால் பொதுவாக இறுக்கம். பலகையைப் பிடித்துக் காலடிக்கச் சொன்னேன். மனிதர் நின்ற இடத்திலேயே நின்றார். முழங்காலை மடித்துச் சைக்கிள் மிதித்தால் அது பிரேக். இடுப்பிலிருந்து, பாதம் நீட்டி, சின்னதாக அடித்தால் போதும். ட்ரையத்லனில் கால் உங்களை முன்னே தள்ளத் தேவையில்லை, மேலே மிதந்தால் காணும். அதற்கு இன்னும் இரண்டு வேலை காத்திருக்கிறது.

கையைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். தோளுக்கு நேரே நுழையட்டும், தலைக்கு முன்னால் குறுக்கே போக வேண்டாம். குறுக்கே போனால் உடம்பு பாம்பு மாதிரி நெளியும். அதோடு தூரத்தையும் கூட்டினால் தோள் நோகத் தொடங்கும். முழங்கை உயர்ந்தபடி நிற்க, விரல் நுனி கீழே பார்க்க, முழங்கைக்குக் கீழே முழுவதும் ஒரே துடுப்பாகத் தண்ணீரைப் பின்னே தள்ள வேண்டும். தோள்நோவோடு 'பழகினாச் சரியாகிடும்' என்று நீந்துபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நோவு இருந்தால் நிறுத்துங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.

முதல் நாள் 25 மீற்றருக்கு 29 தரம் கை போட்டவர், ஒரு மாதம் கழித்து 22 தரம் போட்டார். நேரம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மூச்சிரைக்கவில்லை. அதன் பிறகுதான் மணிக்கூட்டை எடுத்தேன்.

வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. நன்றாக ஓய்ந்திருக்கும் நாளில் 400 மீற்றரை முழு முயற்சியோடு நீந்தி நேரம் குறியுங்கள். போதியளவு ஆறியபின் 200 மீற்றர். முதல் நேரத்தில் இரண்டாவதைக் கழித்து இரண்டால் பிரியுங்கள். அவருக்கு 10 நிமிடம், 4 நிமிடம் 40 விநாடி. கழித்தால் 320 விநாடி, பாதி 160. அதாவது 100 மீற்றருக்கு 2 நிமிடம் 40 விநாடி. இந்த வேகத்தில் எட்டுத் தரம் நூறு மீற்றர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 20 விநாடி ஓய்வு. கடைசி நூறும் முதல் நூறு மாதிரியே இருக்க வேண்டும். கை எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். களைத்த உடம்பு பிழையைத்தான் பழகும். கிழமையில் ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் என்பதை விட மூன்று நாள் நாற்பது நிமிடம் மேல்.

கடைசியாகக் கடல். 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததையும், 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறையிலிருந்து தமிழ்நாட்டுக் கோடியக்கரை வரை நீந்திப் போய்த் திரும்பியதையும் கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்தப் பெருமையில் தனியாகக் கடலில் இறங்கும் பெடியன்களைப் பார்த்திருக்கிறேன். தனியாக இறங்காதீர்கள். பளிச்சென்ற நிறத்தில் மிதவை ஒன்றை இடுப்பில் கட்டுங்கள், துறையில் நிற்கும் தொழிலாளரிடம் எந்தப் பக்கம் நீந்துகிறீர்கள் என்று சொல்லுங்கள். இயந்திரப் படகு ஓட்டுபவருக்கு அலைக்குள் ஒரு தலை தெரியாது. வலை எங்கே கிடக்கிறது, சொறி என்கிற ஜெலிமீன் வந்திருக்கிறதா என்பதையும் அவர்களைக் கேட்டாலே தெரியும். வாடைக்காற்று மாதங்களில் வடகரைக்கு நான் யாரையும் கூட்டிப் போவதில்லை.

கடலில் தடாகத்துக் கோடு கிடையாது. எட்டு, பத்துக் கைக்கு ஒருக்கா, கண் மட்டும் வெளியே வரும்படி முதலை மாதிரிப் பார்க்க வேண்டும். ஒரு வெளிச்சவீடோ உயர்ந்த பனையோ குறியாக இருக்கட்டும். வங்கிக்காரரைக் காரைநகர் கசூரினாவுக்குக் கூட்டிப்போனேன். நூறு மீற்றர் அழகாக நீந்தினார். பிறகு பழைய குணம், முழுத்தலையையும் தூக்கி என்னைத் தேடினார். இடுப்பு இறங்கியது, கால் இறங்கியது, கையைக் காலை அடித்தார். "எழும்பி நில்லுங்கோ" என்று கத்தினேன். எழும்பி நின்றார். தண்ணீர் இடுப்பளவுதான்.