கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சினும் சொந்த விமானமும்

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உயர்தரம் படிக்கிறார். வாப்பா கொட்டியாரக்குடாவில் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். சீனக்குடாத் தளத்திலிருந்து எழும் விமானப்படைப் பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஒரு கேள்வி: "வெளிநாட்டுல சாதாரண ஆக்களும் சொந்தமா பிளேன் வச்சி ஓட்டுறாங்களாம். பழைய செஸ்னா ஒண்டு இங்க ஒரு ஜீப்ப விட விலை குறைவாமே, உண்மையா? அப்படியெண்டா ஏன் எங்கட ஊர்ல ஒருத்தரும் வாங்கல்ல?"

விலை பற்றி அவர் கேள்விப்பட்டது உண்மைதான். செஸ்னா 172 என்ற நான்கு ஆசன விமானம் 1956 முதல் விற்பனையில் இருக்கிறது. இதுவரை 44,000-க்கு மேல் செய்துவிட்டார்கள். வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. புதியது நான்கு இலட்சம் டொலருக்கு மேல். டொலருக்கு 300 ரூபாய் வைத்தால் 12 கோடி. ஆனால் 1960களிலும் 70களிலும் செய்தவை இன்னும் பறக்கின்றன. அமெரிக்காவில் அப்படி ஒன்று ஒரு இலட்சம் டொலருக்குக் கீழேயும் கிடைக்கும், அதாவது மூன்று கோடிக்குள். கொழும்பு வீதிகளில் ஓடும் பெரிய ஜீப்கள் சிலவற்றின் விலை, வரியோடு சேர்த்தால், இதைத் தாண்டும்.

இனி, ஏன் ஒருவரும் வாங்கவில்லை? இதற்குப் பதிலில் பாதி எஞ்சினுக்குள் இருக்கிறது.

இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. இது எல்லாரும் படித்தது. எஞ்சின் நின்றாலும் இறக்கை தன் வேலையைச் செய்யும். செஸ்னா 172 ஒரு மீற்றர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 9 மீற்றர் முன்னே போய்விடும். கோணேசர் கோயிலுக்கு நேர்மேலே, 1,000 மீற்றர் உயரத்தில் எஞ்சின் நிற்கிறது என்று வையுங்கள். எதிர்க்காற்று இல்லையென்றால் 9 கிலோமீற்றர் மிதக்கலாம். அங்கிருந்து சீனக்குடா விமானத்தளம் நேர்கோட்டில் எட்டரைக் கிலோமீற்றர். மயிரிழையில் தப்பலாம். படகில் எஞ்சின் நின்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு அடுத்த படகுக்குக் கை காட்டலாம். மேலே இருப்பவருக்கு நாலரை நிமிடம்தான் கையில். ஆகவே விமான எஞ்சினில் ஒவ்வொரு பாகமும் "இது நின்றால் என்ன நடக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் உள்ளே வந்திருக்கிறது.

புதிய 172-இல் இருப்பது லைக்கோமிங் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின்: 5.9 லீற்றர், 180 குதிரைவலு. சிறிய கார் ஒன்றின் எஞ்சின் முழுவதற்கும் உள்ள ஒன்றரை லீற்றர் கொள்ளளவு இங்கே ஒரே சிலிண்டருக்கு. இவ்வளவு பெரிய எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்கு மேல் போவதில்லை, ஏனென்றால் முன்விசிறி நேராகவே தண்டில் பூட்டப்பட்டிருக்கிறது. 1.9 மீற்றர் அகலமுள்ள அந்த விசிறியின் நுனி அப்போதே செக்கனுக்கு 270 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. ஒலியின் வேகம் 340. அதை நெருங்க நெருங்கச் சத்தம்தான் கூடும், இழுப்பு குறையும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம்: மக்னீற்றோ, பிளக்குக்குப் பொறி தரும் பாகம்.

சிறுவயதில் உட்துறைமுக வீதிப் பக்கம் மாமாவின் பட்டறையில் படகு எஞ்சின்கள் கழற்றியபடி கிடக்கும். பற்றறியே இல்லாத எஞ்சின், கயிற்றை ஒரு இழுப்பு இழுத்ததும் பிளக்கில் எப்படிப் பொறி தருகிறது என்று கேட்டேன். "அது பற்றறியைக் கேக்காது தம்பி, உன்ர கையைத்தான் கேக்கும்" என்றார் மாமா. விமானத்திலும் அதே கதைதான். பொறிக்கான மின்சாரம் பற்றறியிலிருந்து வருவதில்லை. எஞ்சின் சுற்றும்வரை பொறி உண்டு.

ஒரு நிலைக்காந்தம் சுழல்கிறது. பக்கத்தில் ஓர் இரும்பு அகணி. அதில் தடித்த செப்புக் கம்பி சிறிது சுற்றப்பட்டிருக்கிறது, அதற்கு மேல் தலைமயிர் போன்ற கம்பி பல்லாயிரம் சுற்று. காந்தம் திரும்பும்போது இரும்பினூடான காந்தப் பாயமும், அதாவது இரும்பினூடே செல்லும் காந்தப்புலமும், திசை மாறவேண்டும். ஆனால் தடித்த கம்பியின் மின்சுற்று அப்போது அறாமல் மூடியிருக்கிறது. மாற்றத்தை எதிர்ப்பது தூண்டிய மின்னோட்டத்தின் குணம் என்று லென்சின் விதி சொல்கிறதே, அது இங்கே கண்முன் நடக்கிறது: கம்பியில் ஓட்டம் பிறந்து, பழைய பாயத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. காந்தமோ நடுநிலையைத் தாண்டி மறுபக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டது. சித்திரை விளையாட்டில் வடம் இழுக்கும்போது இரண்டு பக்கமும் சமமாய் இழுத்து, வடம் அசையாமல் விறைத்து நிற்குமே, அந்த நிலை.

நடுநிலையைத் தாண்டி ஏறத்தாழ 10 பாகை போனதும் கேம் என்ற சிறிய புடைத்த சில்லு, பொயின்ற் எனப்படும் தொடுமுனையை விலக்குகிறது. சுற்று அறுகிறது. ஓட்டம் நிற்கிறது. வடத்தின் ஒரு பக்கத்தில் எல்லாரும் ஒரேயடியாகக் கையை விட்டதுபோல, இவ்வளவு நேரம் அடக்கி வைத்த பாயம் ஒரே உதறலில் மறுதிசைக்குப் பாய்கிறது. அந்த வேகம்தான் எல்லாம். மெல்லிய கம்பியில் 20,000 வோல்ற்றை ஒட்டிய அழுத்தம் எழுகிறது. பிளக் நுனியில் நீலப் பொறி. முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு மக்னீற்றோவும் இதை நிமிடத்துக்கு 5,400 தடவை செய்கிறது.

ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் மெதுவாகத்தானே சுற்றும், உதறல் எங்கிருந்து வரும்? அதற்கும் ஒரு வழி கண்டார்கள். எஞ்சினுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு சுருள்வில். ஒரு கொளுவி காந்தத்தைத் திரும்பவிடாமல் பிடிக்கிறது. எஞ்சின் தொடர்ந்து திரும்ப வில் முறுகுகிறது. சரியான இடத்தில் கொளுவி விடுபட, காந்தம் "டிக்" என்று துள்ளித் திரும்புகிறது. திருத்துபவர் விசிறியைக் கையால் மெல்லத் திருப்பும்போது அந்தச் சத்தம் கேட்கும். எஞ்சின் வேகம் பிடித்ததும் மையநீக்க விசையில் கொளுவி தானே வெளியே ஒதுங்கி, பிறகு தலையிடாது. கணினி இல்லை, மின்சுற்றுப் பலகை இல்லை. ஒரு வில்லும் ஒரு பாரமும்.

இப்படி ஒவ்வோர் எஞ்சினிலும் இரண்டு மக்னீற்றோ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒரு தொகுதி செத்தாலும் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்கும். ஆளியும் தலைகீழ். வீட்டில் வயர் அறுந்தால் விளக்கு அணையும். இங்கே வயர் அறுந்தால் ஆளியால் எஞ்சினை அணைக்க முடியாது! ஆளியை அணைக்கும்போது அது மக்னீற்றோவின் தடித்த கம்பியை எஞ்சின் உடம்போடு இணைத்துவிடுகிறது. அதன்பின் பொயின்ற் விலகினாலும் சுற்று அறுவதில்லை, உதறலும் வராது. ஆகவே வானத்தில் அந்த ஆளி வயர் அறுந்தாலும் பொறி தொடரும். இதற்கு ஒரு விலையுமுண்டு: அந்த வயர் தரையில் அறுந்து கிடந்தால், நிறுத்திய விமானத்தின் விசிறியைத் தொட்டு அசைத்தாலே எஞ்சின் உயிர்க்கலாம். விமானத்தோடு பழகியவர்கள் எந்த விசிறியையும் எப்போதும் உயிர்க்கக்கூடியதாகவே நினைத்து நடப்பார்கள்.

பறக்கும் முன்னர், ஓடுபாதை ஓரத்தில், ஓட்டுநர் ஒரு மக்னீற்றோவை அணைத்துப் பார்ப்பார், பிறகு மற்றதை. ஒரே பிளக் எரிக்கும்போது அந்தப் பெரிய சிலிண்டரில் தீ பரவ நேரம் எடுக்கும். நிமிடத்துக்கான சுற்று நூறளவில் குறையும். அதிகம் குறைந்தால் கோளாறு. ஒன்றுமே குறையாவிட்டாலும் கோளாறுதான், அணைக்கும் வயர் வேலை செய்யவில்லை என்று பொருள்.

செலவுக்கு வருகிறேன். மக்னீற்றோவை 500 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றிச் சோதிக்கவேண்டும். முழு எஞ்சினையும் 2,000 மணித்தியாலத்தில் திறந்து புதுப்பிக்க 30,000 டொலர் என்று வைப்போம், 90 இலட்சம் ரூபாய். அதை இன்றே சேர்த்துவைத்தால் மணிக்கு 4,500. பெற்றோல் மணிக்கு 32 லீற்றரளவில்; சாதாரணப் பெற்றோலை லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தாலே 9,600. விமானப் பெற்றோல் அதைவிட விலை, அதில் கார்களுக்குத் தடைசெய்த ஈயமும் இன்னும் கலந்திருக்கிறது. இந்த ஈயம் இவ்வளவு காலம் நீடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாம் சேர்த்து மணிக்கு 14,000.

இது ஓடினால் வரும் செலவு. ஓடாமல் நின்றாலும் வருகிற செலவு வேறு: கொட்டகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை. எங்கள் உப்புக்காற்றில் அலுமினியத்தை வெளியே விடவே முடியாது. வருடத்துக்கு 15 இலட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். தனியாள் ஒருவர் வருடம் 30 மணித்தியாலம் பறந்தால் இது மட்டும் மணிக்கு 50,000, மொத்தம் 64,000. இருபது பேர் சேர்ந்து வாங்கி, ஆளுக்கு 15 மணித்தியாலம் பறந்தால் அந்த 50,000, ஐயாயிரமாகக் குறையும். மொத்தம் 19,000. வெளிநாட்டுச் சாதாரண ஆட்கள் பறக்கும் வழி பெரும்பாலும் இந்தக் கூட்டுக் கழகங்கள்தான். கரைவலைக்கு ஊரே சேர்ந்து கயிறு பிடிக்கிற எங்களுக்கு இது புரியாத ஏற்பாடில்லை. நாம் பிந்தியிருப்பது வேறு காரணத்தால்: கழகம் வைக்கத் திறந்த ஓடுபாதை வேண்டும், இவற்றைத் திருத்தத் தெரிந்த கைகள் வேண்டும். சீனக்குடா விமானப்படைத் தளம். கொழும்புப் பக்கம் இரத்மலானைதான் பயிற்சிப் பாடசாலைகளின் இடம். அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதிப்படி 17 வயதும், பொதுவாகக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பும் தேவை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2020-இல், இராவணனின் விமானப் பாதைகள் பற்றிய ஆவணம் இருந்தால் தரும்படி அரச விளம்பரமே பத்திரிகைகளில் வந்தது. கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கதை எனக்கு உயிர். ஆனால் ஆராய்ச்சிப் பணம் அதற்குப் போகக்கூடாது. அதே பெயரைச் சுமந்து 2019-இல் விண்ணுக்குப் போன இராவணா-1 செய்மதியை, ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் கையால் செய்தார்கள். ஒரு கிலோகிராம் அளவுதான். அவர்களுக்குக் கிடைத்த அந்த மேசையும் கருவிகளும் இங்கே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலேயே கிடைக்கவேண்டும் என்பதே என் ஆசை.

தம்பிக்கு இன்னொரு செய்தி. 1989-இல் ஒஸ்திரியாவில் வந்த ரொட்டக்ஸ் 912 என்ற சிறு எஞ்சின் கார் பெற்றோலிலேயே ஓடும்; 172 குடிப்பதில் பாதியளவே குடிக்கும். வேகமாகச் சுற்றி, பற்சில்லால் வேகத்தைக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கிறது. பொயின்ற் கிடையாது, இலத்திரனியல் பொறிதான். ஆனாலும் அதன் இரண்டு பொறித் தொகுதிகளும் எஞ்சினோடு சுழலும் காந்தங்களிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன, பற்றறியைக் கேட்காமல். இரண்டு பேர் பறக்கும் இலகு விமானங்கள் பல இதில்தான் பறக்கின்றன. எங்கள் ஊருக்கு ஏதாவது எட்டுமென்றால் முதலில் எட்டுவது இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தமுறை வாப்பா படகு எஞ்சினின் ஃபிளைவீலைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள் தம்பி. உள்விளிம்பில் ஓர் ஆணியை வையுங்கள், ஒட்டிக்கொள்ளும், அங்கேதான் காந்தங்கள். ஓட்டுபவர் கையில் கட்டும் சிவப்பு வாரைப் பிடுங்கினால் எஞ்சின் நிற்குமே, அதுவும் செஸ்னாவின் ஆளி செய்கிற அதே வேலைதான்: பொறிச்சுற்றை எஞ்சின் உடம்போடு இணைத்துவிடுகிறது.