ஏர் ஃபில்டரில் கைவைக்கும் முன்: சிங்கப்பூர் விதி என்ன சொல்கிறது?

காற்று தாராளமாகப் போனால் எஞ்சின் இழுவை கூடும் என்று நினைத்து ஏர் ஃபில்டரையும் அதன் பெட்டியையும் மாற்றுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள பட்டறையில் வண்டியை விட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அந்த வேலைக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் வாகன உரிமையாளர். ஆகவே பட்டறைக்குப் போகும் முன்பே விதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாகனத்தில் செய்யும் மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் (எல்டிஏ) மூன்றாகப் பிரிக்கிறது. சிலவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிலவற்றை முன்கூட்டியே விண்ணப்பித்து, ஒப்புதல் கிடைத்த பிறகே செய்யலாம். எஞ்சினையே மாற்றுவதும் புகைபோக்கிக் குழாயை மாற்றுவதும் இந்த வகை. மூன்றாவது வகையை யாருக்கும் எந்த நிலையிலும் அனுமதிப்பதில்லை. எஞ்சினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தும் கருவி இதில் அடங்கும். எது எந்த வகை என்பதை எல்டிஏ-யின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் பார்க்கலாம். அந்தப் பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால், நண்பர் சில ஆண்டுகளுக்கு முன் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

காற்று உள்ளே போகும் பாதைக்கு வருவோம். பழைய ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அதே பெட்டிக்குள் அதே அளவில் புதியதைப் போடுவது சாதாரணப் பராமரிப்பு. அது காகித ஃபில்டராக இருந்தாலும், கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டராக இருந்தாலும் பாதை மாறவில்லை, குழாய் எதுவும் கழற்றப்படவில்லை. இதற்காக யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

பெட்டியையே தூக்கிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரைப் பொருத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் அறைக்குள் கசியும். எரியாத பெட்ரோலும் எண்ணெய் ஆவியும் கலந்த அந்த வாயுவை ஒரு சிறு குழாய் மறுபடியும் காற்றுப் பாதைக்கே கொண்டுவந்து எஞ்சினுக்குள் எரிக்கும். கூம்பு ஃபில்டர் மாட்டும்போது சிலர் அந்தக் குழாயை அப்படியே விட்டுவிடுவார்கள், அல்லது அதன் நுனியில் ஒரு குட்டி ஃபில்டரைச் செருகிவிடுவார்கள். வாயு நேராக வெளியே போகும். 2017 செப்டம்பர் முதல் இங்கே பதிவாகும் பெட்ரோல் கார்கள் புகை வெளியேற்றத்துக்கான யூரோ 6 தரத்தை எட்ட வேண்டும். யூரோ தர விதிகள் கிராங்க் அறை வாயு வெளியே போவதை ஏற்பதில்லை. எனவே எந்த ஃபில்டரைப் போட்டாலும் அந்தக் குழாய் காற்றுப் பாதையோடு இணைந்திருக்க வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பானட்டைத் திறந்து அந்த ஓர் இணைப்பை உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தமும் ஒரு காரணம். ஃபில்டர் பெட்டி தூசியைத் தடுப்பதோடு, எஞ்சின் காற்றை இழுக்கும் இரைச்சலையும் அடக்குகிறது. மோட்டார்சைக்கிளில் பெட்டியைக் கழற்றினால் அந்த வித்தியாசம் அடுக்குமாடி வீட்டின் மேல் மாடிவரை கேட்கும். இரவு வேலை முடிந்து புளோக்குக்குக் கீழே வந்து நிற்கும் வண்டிக்கு அக்கம்பக்கத்தில் புகார் எழுந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

உங்கள் மனத்தில் இருப்பது முழுக் காற்றுக்குழாய் மாற்றம் என்றால், முதலில் எல்டிஏ-யிடம் எழுத்தில் கேளுங்கள். வாகன மாடல், பொருத்தப்போகும் பாகம், அதைத் தயாரித்தவர் தரும் விவரம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். "எல்லாரும் போடுறாங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று பட்டறையில் சொல்வது சோதனையின்போது உதவாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு அபராதமும் சிறையும் விதிக்கச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இடமுண்டு. மாற்றிக் கொடுத்த பட்டறை மீதும் நடவடிக்கை பாயும். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் மலிவாகச் செய்து வந்தாலும் இதே நிலைதான், ஏனென்றால் சிங்கப்பூர்ப் பதிவு எண் கொண்ட வண்டி இங்கே ஓடும்போது இந்த ஊர் விதிக்குக் கட்டுப்பட்டது.

சோதனை எப்போது வரும்? காருக்கு மூன்று வயது ஆனதும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து வயது தாண்டினால் ஆண்டுதோறும். மோட்டார்சைக்கிளுக்கு மூன்று வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. விக்கோம், எஸ்டிஏ, ஜேஐசி போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் புகை அளவும் பார்ப்பார்கள், அனுமதியில்லாத மாற்றம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. சோதனை நாளுக்கு மட்டும் பழைய பெட்டியை மாட்டிவிட்டு மறுநாள் கழற்றிவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எல்டிஏ-யும் போக்குவரத்துப் போலிசும் தேசியச் சுற்றுப்புற வாரியமும் சேர்ந்து சாலையிலேயே வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதுண்டு. அங்கே அந்தத் தந்திரம் பலிக்காது.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. எவ்வளவு காற்று வருகிறது என்று சென்சார் அளந்து சொல்ல, கணினி அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டும், குறைக்கும். சுத்தமாக இருக்கும் சாதாரண ஃபில்டர் தரும் தடை மிகக் குறைவு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து எஞ்சினை உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோகும்போதுதான் அது ஓரளவு தெரியும். விரைவுச்சாலையிலேயே உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்ற ஊரில் அந்த நிலை எத்தனை முறை வரும்?

பானட்டுக்குள் திறந்து கிடக்கும் கூம்பு ஃபில்டர் எஞ்சின் சூட்டையே உறிஞ்சும். காற்று 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது இழுவை முன்னைவிடக் குறைவதும் உண்டு. எண்ணெய் பூசிய ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அது காற்றை அளக்கும் சென்சார் மீது படிந்து எஞ்சின் எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கும்.

குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைக் கீழே இறக்கி, முன்பம்பருக்குப் பின்னால் ஃபில்டரை வைக்கும் முறையும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திடீர் வெள்ளம் தேங்கும் சாலையில் அது தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து எஞ்சினே போய்விடலாம். அந்தச் செலவுக்கு அஞ்சியே இந்த அமைப்பு வேண்டாம் என்பேன்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பின் இழப்பீட்டில் தகராறு வரலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள புதிய கார் என்றால் விற்பனையாளரிடமும் முதலில் கேட்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பானட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டி கம்பெனி போட்டதுதானா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் அனுமதிக் கடிதத்தையும் பழைய பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். வண்டி உங்கள் பெயருக்கு மாறியதும் அதில் இருக்கும் மாற்றத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. கடிதமும் இல்லை, பெட்டியும் இல்லை என்றால், புதுப் பெட்டிக்கு ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.