கிராஃப்டிவிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

பெண்ணுரிமை, சமூக நீதி பற்றிய கலை நிகழ்வுகளின் அழைப்பிதழ்களில் 'கிராஃப்டிவிசம் பட்டறை' என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். கிராஃப்ட், ஆக்டிவிசம் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் இது. 2003 முதல் இதைப் பரப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் பெட்ஸி கிரியர். தையல், பின்னல், பூவேலை என்று கைவேலையாலேயே அநியாயத்தைத் தட்டிக் கேட்பதுதான் பொருள்.

சொல்தான் புதிது, செயல் பழையது. 1910-ல் லண்டனில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன பெண்களின் பதாகை ஒன்றில், சிறையில் உண்ணாவிரதம் இருந்த 80 பேரின் கையெழுத்துகள் நூலால் தைக்கப்பட்டிருந்தன. சிலி நாட்டில் இன்னும் ஆழமாகப் போனார்கள். 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கணவனையோ மகனையோ பறிகொடுத்த பெண்கள், சாக்குத்துணியில் துண்டுத்துணிகளை வைத்துப் படம் தைத்தார்கள். அதற்கு 'அர்பியேரா' என்று பெயர். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கே சாக்குத்துணி என்றுதான் அர்த்தம். மேலே மலை, சூரியன், கீழே வரிசையாக வீடுகள். தள்ளி நின்று பார்த்தால் சிறுபிள்ளை வரைந்தது போலிருக்கும். கிட்டே போனால் 'எங்கே அவர்கள்?' என்ற பலகையோடு பெண்கள் நிற்பது தெரியும். சிலவற்றில் காணாமல் போனவரின் சட்டைத்துணியே இருக்கும். பின்பக்கம் சின்னதாக ஒரு பை, அதற்குள் மடித்து வைத்த சீட்டு.

சரி, தமிழுக்கு வருவோம். 'கைவினைவாதம்' வேண்டாம், இது கொள்கை இல்லை, செயல். 'கைவினை ஆர்வலர்' என்றால் ஓய்வு நேரத்தில் பொம்மை செய்பவர் என்றுதான் தோன்றும். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். சமூக ஆர்வலர் என்று நாம் எழுதி எழுதித்தான் அதற்குப் போராட்டச் சாயல் வந்தது. 'கைவினைச் செயற்பாடு' பள்ளிப் பாடவேளையை ஞாபகப்படுத்துகிறது. ஒரு நாள் 'நூற்போர்' என்று எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நூல் நூற்பவர்கள் என்றும் படிக்கலாம், புத்தகச் சண்டை என்றும் படிக்கலாம். விட்டுவிட்டேன்.

என் தேர்வு 'கைவினைப் போராட்டம்'. கிராஃப்ட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வலிமை என்ற பொருளும் இருந்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் இன்றும் ஆற்றலைத்தான் குறிக்கிறது. நம் கைவினையிலோ 'வினை' இருக்கிறது, அதாவது செயல். 'வினையே ஆடவர்க்கு உயிரே' என்று குறுந்தொகை ஆண்களுக்கே எழுதிக்கொடுத்த அதே வினை! அதைப் பெண்கள் ஊசியோடு எடுத்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். 'போராட்டம்' கடுமையாக இருக்கிறதே என்பவர்களுக்கு: அறப்போராட்டம் என்று நாம் சொல்லும்போது யார் கையிலும் ஆயுதம் இருப்பதில்லையே.

ஆளைக் குறிக்கக் 'கைவினைப் போராளி' போதும். அதற்கும் தயங்கினால் 'கைவினைச் செயற்பாட்டாளர்' என்று எழுதலாம். பதாகையில் தைக்கத்தான் நூல் அதிகம் பிடிக்கும்.